மானும் காரும்: முதுமலை, பந்திப்பூர், திம்பம் சாலைகளில் ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவைக்கும் மைசூருக்கும் மாதம் இரண்டு முறையாவது போய் வருகிறவன் நான். சில சமயம் ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழி. சில சமயம் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழி. இரண்டுமே புலிகள் காப்பகத்தை ஊடறுத்துப் போகிற சாலைகள். புதிதாகக் கார் வாங்கியவர்கள், முதல் முறை குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி யானையைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் யானை தூரத்திலேயே தெரிந்துவிடும், நாமும் பயந்து நின்றுவிடுவோம். காருக்குக் குறுக்கே சட்டென்று பாய்வது மான்தான். அதனால் மானைப் பற்றிக் கேட்டவற்றையும், கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சாலைகளில் என்னென்ன மான்கள் குறுக்கே வரும்?

பெரும்பாலும் புள்ளிமான். கூட்டமாக, சாலையோரப் புல்லிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். நன்றாக வளர்ந்த கிடா 70 கிலோவுக்கு மேல் இருக்கும், பெட்டை அதைவிடச் சிறியது. அடுத்தது கடமான். தெற்கே திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மிளா என்பார்கள். ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். கால்கள் உயரம் என்பதால் கார் மோதினால் பம்பர் காலைத்தான் அடிக்கும், உடம்பு பானட்டில் ஏறி முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். புள்ளிமானில் அடிபடுவது பெரும்பாலும் மானும் காரும். கடமானில் ஓட்டுநரும் சேர்ந்து அடிபடுவார். கேளையாடு என்கிற குரைக்கும் மான் தனியாக வரும், சின்னது, புதரிலிருந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். அது வந்ததே சில சமயம் போன பிறகுதான் தெரியும்.

எந்த நேரம் ஆபத்தானது?

பொழுது சாயும்போதும் விடியும்போதும். புள்ளிமான் மேய்ச்சலுக்காக அதிகம் நகர்வது அந்த இரண்டு வேளைகளில்தான். கடமானுக்கு இரவுதான் பகல்.

ஆனால் மானின் நேரத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நம்முடைய நேரம் ஒன்று இருக்கிறது. பந்திப்பூர் வழியில் இரவு 9 மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். திம்பம் வழியிலும் கார்களுக்கு அதே 9 மணிதான். ஏழரை மணிக்கு மேல் இந்தச் சாலையில் வருகிற வண்டிகளைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு: கேட் மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும். இருட்டு, மான் வெளியே வந்திருக்கும் வேளை, வழக்கத்தைவிட 20 கிலோமீட்டர் கூடுதல் வேகம், மூன்றும் ஒன்றாகச் சேர்கிற நேரம் அது. காலை 6 மணிக்குக் கேட் திறந்ததும் வரிசையில் நின்ற வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்வதும் இதே கதைதான். என்னைக் கேட்டால், மாலை 5 மணிக்கு மேல் குன்னூரைக்கூடத் தாண்டாதவர்கள் அன்று மைசூர் போகிற எண்ணத்தை விட்டுவிட்டு ஊட்டியில் அறை எடுப்பது நல்லது.

எந்த மாதம் அதிகம் வரும்?

அமெரிக்காவில் மான் மோதல் என்றாலே நவம்பர் மாதம் என்பார்கள். அங்கே வெண்வால் மான்கள் இணைசேரும் பருவம் அதுதான், கிடாக்கள் கண்மண் தெரியாமல் ஓடும். நம் புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. ஒரே கூட்டத்தில் ஒரு கிடாவுக்கு முற்றிய கொம்பும், இன்னொன்றுக்குத் தோல் போர்த்திய இளங்கொம்பும், வேறொன்றுக்கு மொட்டைத் தலையுமாகப் பார்க்கலாம். குட்டிகளும் ஆண்டு முழுக்க உண்டு.

அதனால் இங்கே மாதத்தைவிடப் புல்லைப் பார்க்க வேண்டும். கோடையில் காட்டுக்குள் புல் காய்ந்து, ஏப்ரல், மே மழை ஒன்றிரண்டு பெய்ததும் முதலில் பச்சை பிடிப்பது திறந்த வெளியும் சாலையோரமும்தான். பார்வை மறைக்காமல் இருக்க வனத்துறை ஓரப் புதர்களை வெட்டிவிடும், அங்கே இளந்தளிர் வரும், மானும் வரும். புதர் இருந்தால் மான் தெரியாது, வெட்டினால் மான் கூடும். இதற்கு யாரிடமும் முழுத் தீர்வு இல்லை.

லைட் பட்டால் ஓடாமல் ஏன் அப்படியே நிற்கிறது?

மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இரண்டாவது முறை பார்க்க வைப்பது அதன் வேலை. இரவில் நமக்குப் பச்சை கலந்த மஞ்சளாகக் கண் மின்னுவது அதனால்தான். அப்படிப்பட்ட கண், பாவை முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில் ஹெட்லைட் நேராகப் பாய்ந்தால் என்ன ஆகும்? ஒன்றும் தெரியாது. எதிரி எந்தப் பக்கம் என்று தெரியாத விலங்கு அசையாமல் நிற்கும், பிறகு ஏதோ ஒரு பக்கம் பாயும். அந்தப் பக்கம் உங்கள் பம்பராகவும் இருக்கலாம். மருண்ட மான்விழி என்று பாடி வைத்த கவிஞர்கள் அதை ஹை பீமில் பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது எளிது. மானைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து லைட்டை டிம் செய்யுங்கள். கண் தெளிந்ததும் அதுவாகவே வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

ஒரு மான் கடந்து போய்விட்டது. இனி கிளம்பலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படித்தால் போதும் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன்னால், தெப்பக்காடு தாண்டிக் கக்கநல்லா செக்போஸ்ட்டுக்குப் போகிற வழி. ஆறரை மணி இருக்கும். வானத்தில் வெளிச்சம் இருந்தது, தரையில் இல்லை. ஒரு பெட்டை மான் இடமிருந்து வலமாகக் கடந்தது. நான் நன்றாகவே பிரேக் போட்டு நிறுத்தினேன். அது அந்தப் பக்கம் போய் நின்றது. பக்கத்து சீட்டில் என் மனைவி, "போயிடுச்சு, எடுங்க" என்றாள். நானும் எடுத்தேன். செகண்ட் கியர் கூட விழவில்லை, இடப்பக்க விளக்குக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, யாரோ கையால் தட்டியது போல. குட்டி.

மெதுவாகப் போனதால் அது உருண்டு எழுந்து அம்மாவை நோக்கி ஓடிவிட்டது. உள்ளே அடிபட்டிருந்ததா, பிழைத்ததா, தெரியாது. அந்தப் பெட்டை மான் அந்தப் பக்கம் போய் ஓடாமல் நின்று, எங்களைப் பார்க்காமல் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் நினைவில் இருக்கிறது. அது சொன்னது எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

கடந்து போன மான் காட்டுக்குள் ஓடி மறையாமல் நின்று திரும்பிப் பார்த்தால், பின்னால் இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். புள்ளிமான் தனியாகப் போவது குறைவு. முன்னால் போனதை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மோதுவது இரண்டாவதோ மூன்றாவதோதான். என் வழக்கம்: கடைசி மான் போனதாகத் தோன்றிய பிறகும் மனதுக்குள் இருபது எண்ணுவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

எவ்வளவு வேகத்தில் போனால் நிறுத்த முடியும்?

காய்ந்த சாலை, நல்ல டயர், விழிப்பான ஓட்டுநர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மானைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியும் வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் அப்படிக் கழிவது சுமார் 17 மீட்டர், பிறகு பிரேக் பிடித்து நிற்க 9 மீட்டர். மொத்தம் 26 மீட்டர். 60 கிலோமீட்டரில் மொத்தம் 45 மீட்டர். 80 கிலோமீட்டரில் 33 மீட்டர் கழிந்து, பிறகு 35 மீட்டர் இழுத்து, மொத்தம் 68 மீட்டர். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிகிற தூரம் ஏறக்குறைய 40, 50 மீட்டர்தான். அதாவது 80-ல் போகிறவர் மானைப் பார்க்கிற நொடியிலேயே மோதல் முடிவாகிவிடுகிறது. பிரேக் எவ்வளவு நல்லது, பாதுகாப்புச் சோதனையில் கார் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்பதெல்லாம் அப்புறம்தான். மழை பெய்திருந்தால் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

காட்டுச் சாலைப் பலகையில் போட்டிருக்கும் வேகம் பலருக்கு எரிச்சலூட்டுகிறது. மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் அந்த எண் ஏன் என்று புரியும். இரவில் 40-ஐத் தாண்டாதீர்கள்.

சட்டென்று குறுக்கே வந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பலாமா?

திருப்பாதீர்கள். மனசு கேட்காது, கை தானாகத் திரும்பும். ஆனால் முதுமலையில் சாலையை ஒட்டியே மரங்கள், திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். மானைத் தவிர்த்து மரத்திலோ எதிரே வரும் லாரியிலோ மோதினால் சேதம் பல மடங்கு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்துங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் அதிரும், பயந்து காலை எடுக்காதீர்கள். மோதல் தவிர்க்க முடியாமல் போனாலும் 60-ல் அடிப்பதற்கும் 25-ல் அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வேகம் பாதியானால் அடியின் வலு கால் பங்காகிவிடும்.

ஹாரன் அடித்தால் ஓடாதா? பம்பரில் ஒட்டும் 'மான் விசில்' வாங்கலாமா?

காப்பகத்துக்குள் ஹாரன் அடிக்கவே கூடாது. பயந்த மான் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. யானை பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

விசில் சமாசாரம் ஆன்லைனில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்று பட்டால் மானுக்கு மட்டும் கேட்கும் ஒலி எழும் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் மான்களின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு உள்பக்கக் கண்ணாடியைத் துடைக்க நல்ல துணி வாங்கலாம். கண்ணாடியின் உள்பக்கம் படிந்த மங்கல், எதிர்வண்டி லைட்டில் எவ்வளவு மறைக்கிறது என்று துடைத்த பிறகுதான் தெரியும்.

உண்மையில் பயன்படுவது வேறொன்று. எதிரே வரும் வண்டி இரண்டு முறை லைட்டை அணைத்துப் போட்டால் முன்னால் ஏதோ நிற்கிறது என்று பொருள். தூரத்து வண்டியின் லைட் ஒரு கணம் மறைந்து தெரிந்தாலும் அப்படித்தான், நடுவில் ஏதோ கடந்திருக்கிறது.

மோதிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை ஓரம் கட்டி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். உள்ளே இருப்பவர்களைப் பாருங்கள். இறங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் நன்றாகப் பாருங்கள். இது நெடுஞ்சாலை மட்டுமல்ல, புலியும் யானையும் இருக்கும் காடு. அடிபட்ட மான் கத்தினால் அதைக் கேட்பது நீங்கள் மட்டுமல்ல. குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.

மைல்கல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் போனுக்குச் சிக்னல் இருக்காது, அப்போது அடுத்த செக்போஸ்ட்டில் போய்ச் சொல்ல வேண்டியதுதான். அதற்கு முன் பானட்டுக்கு அடியில் பச்சையோ சிவப்போ தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். ரேடியேட்டர் கிழிந்திருந்தால் கொஞ்ச தூரம்தான் ஓடும், டெம்பரேச்சர் முள் ஏறியும் ஓட்டினால் என்ஜினே போய்விடும். மான் மோதலில் பம்பரைவிட அதிகம் செலவு வைப்பது இந்தப் பிடிவாதம்தான்.

மான் உயிரோடு துடிக்கிறது. காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். நல்ல எண்ணம்தான், ஆனால் மனிதன் பிடித்து அமுக்கும் பயத்திலேயே மான் செத்துப்போகும். அதிர்ச்சியில் தசைகள் சிதைந்து, வெளியே காயம் பெரிதாக இல்லாமலே மணிக்கணக்கில், சில சமயம் ஓரிரு நாளில் இறந்துவிடும். உதைத்தால் உங்கள் விலா எலும்பும் போகும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். கூட்டம் கூடி வீடியோ எடுப்பதைத் தடுத்தாலே பெரிய உதவி. வனத்துறைக்குத் தகவல் போனால் வனவரோ வேட்டைத் தடுப்புக் காவலரோ வருவார்கள், கால்நடை மருத்துவரை அவர்கள் வரவழைப்பார்கள்.

செத்துவிட்டது. கேஸ் போடுவார்களா? சொல்லாமல் போய்விட்டால்?

பலர் மனதில் உள்ள கேள்வி இது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டு விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்து. கொம்பு, தோல், கறி எல்லாம் சேர்த்து. விசாரணை நடக்கும், வழக்குப் பதிவாகலாம், வண்டியைப் பிடித்து வைக்கவும் செய்வார்கள். நீங்களே போய்ச் சொன்னால் வேகம், நேரம், இடம் பார்த்து விபத்து என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. உடைந்த பம்பரோடு சத்தமில்லாமல் போய், அடுத்த செக்போஸ்ட்டில் கிரில்லில் ஒட்டிய மயிரோடு மாட்டினால் விபத்து என்று சொல்வதை யார் நம்புவார்கள்?

"எப்படியும் செத்ததுதானே" என்று டிக்கியில் போட்டுக்கொண்டு போவது தனி வகை. சரணாலயத்துக்குள் வேட்டை என்று வழக்கு நின்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் சொந்த வண்டி சேதம் சேர்ந்திருப்பதால் விலங்கு மோதலும் அதில் வரும். அதே இடத்தில் போட்டோ எடுங்கள், வனத்துறையிடமோ போலீஸிலோ சொன்னதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன அடியென்றால் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்குச் சொந்த வண்டி சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடியாகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

இரவுத் தடை அவசியம்தானா? வியாபாரிகள் பாவமில்லையா?

பாவம்தான். பந்திப்பூரில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தி 2009-இல் சாமராஜநகர் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டார். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள், வழக்கு போனது, 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கூடலூர் சாலைக்கும் வயநாடு சாலைக்கும் சேர்த்துத்தான். வயநாட்டுக்காரர்கள் இன்றுவரை எதிர்க்கிறார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆம்புலன்சுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. திம்பம் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் தடை வந்தது. தாளவாடிக் காய்கறி விவசாயிகள் போராடினார்கள், அவர்கள் கஷ்டம் பொய்யில்லை.

இருந்தும் நான் தடை வேண்டும் என்கிற பக்கம்தான். ஆனால் கேட் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தாமல், கேட்டை மட்டும் மூடுவது அரைகுறை வேலை. உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் சீட்டில் எழுதிப் பார்த்தாலே யார் பறந்து வந்தார் என்று தெரிந்துவிடுமே.

பாலம் கட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா?

சில இடத்தில் தீரும். மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தி, கீழே விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். அதில் பெரியது 750 மீட்டர் அகலம். புலி, காட்டுமாடு, புள்ளிமான் எல்லாம் கீழே போய் வருவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது நான்குவழிச் சாலை, சமதரை. முதுமலையில் அப்படிக் கட்ட வேண்டுமென்றால் வருடக்கணக்கில் காட்டுக்குள் ஜேசிபி ஓட வேண்டும்.

காட்டுக்கே போவதில்லை, சென்னைதான். எனக்கென்ன?

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்திலும் புள்ளிமான்கள் உண்டு. அங்கே மானுக்கு மனிதப் பயம் குறைவு, தெருநாய் பயம் அதிகம். நாய் துரத்தினால் சாலையைப் பார்க்காது. அந்த வளாகங்களுக்குள் நாய் குரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் பிரேக்கில் கால் வையுங்கள், நாய்க்கு முன்னால் என்ன ஓடுகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் மான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நிறுத்தி ஒரு பிஸ்கட் போடலாமா?

நிறுத்தவும் கூடாது, போடவும் கூடாது. வண்டி நின்றால் தின்ன ஏதாவது கிடைக்கும் என்று பழகிய மான், நிற்காத வண்டிக்கு முன்னாலும் வந்து நிற்கும். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். அதற்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வண்டியிலும் ஜன்னலோர சீட்டுக்குத்தான் பிள்ளைகளுக்குள் சண்டை வரும்.